ஓவர்ஹால் இருக்கட்டும், முதலில் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வாரம் இரண்டு முறை போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டங்களுக்குப் போய் வருகிறேன். பெரும்பாலும் ஐந்து பேர் இருப்போம், டிக்கியில் சாமானும் இருக்கும். வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல். 1,10,000 கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது 2,38,000 ஆகிறது. மலை ஏறும்போது பாதி வளைவுகள் தாண்டியதும் சூடு ஏறுகிறது. ஏசியை நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. புகையும் அடிக்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். நடுவில் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வருகிறது. எங்கள் மெக்கானிக் இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் செய்ய 85,000 ரூபாய் ஆகும் என்கிறார். நெடுங்கண்டத்தில் ஒருவர் இருக்கிறபடியே 2 லட்சத்துக்குக் கேட்கிறார். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியை இனி ஓட்டவே விடமாட்டார்கள் என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். செலவு செய்யலாமா, தள்ளிவிடலாமா? மற்றபடி வண்டியில் குறை இல்லை. இறக்கத்தில் மட்டும் பிரேக் கொஞ்சம் உள்ளே போகும், இரண்டு மிதி மிதித்தால் சரியாகிவிடும். டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில்தான் இறங்குவது வழக்கம்.

பதில்: இன்ஜினைப் பற்றி அத்தனை எழுதிவிட்டு, "மற்றபடி குறை இல்லை" என்று சொல்லி, அதற்குப் பிறகு போகிற போக்கில் பிரேக்கைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். இன்ஜின் வழியில் நின்றால் முந்தலுக்கோ பூப்பாறைக்கோ போன் செய்து வண்டியைக் கட்டி இழுத்துவரலாம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில், ஐந்து பேரை வைத்துக்கொண்டு இறங்கும்போது பிரேக் மிதி தரையைத் தொட்டால் யாருக்கும் போன் செய்ய நேரம் இருக்காது. அந்த பிரேக்கைச் சரிசெய்யும்வரை பூப்பாறைக்குப் பஸ்ஸில் போய்வாருங்கள். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் விளையாட்டாகவும் சொல்லவில்லை.

போடி ஊருக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களும் சாமானும் சேர்த்து உங்கள் வண்டி சுமார் 1,400 கிலோ இருக்கும். அந்த எடை அந்த உயரத்திலிருந்து கீழே வருவதற்குள் விடும் ஆற்றல், நாற்பது லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். நியூட்ரலில் இறங்கும்போது இன்ஜினைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். சூடு மொத்தமும் முன்னால் இரண்டு டிஸ்க்கிலும் பின்னால் இரண்டு டிரம்மிலும் போய் இறங்குகிறது.

டீசல் மிச்சமாகிறதா என்றால் அதுவும் இல்லை. உங்கள் வண்டி காமன் ரெயில் டீசல், அதாவது டீசல் பீய்ச்சுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வகை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு இன்ஜெக்டர்களுக்கு டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க அது டீசலை ஊற்றியே ஆக வேண்டும். ஆக, கியரில் இறங்குபவருக்குச் செலவு இல்லை, நியூட்ரலில் இறங்குபவருக்கு உண்டு. பழைய பம்ப் டீசல் காலத்து நம்பிக்கை இது, லாரி கிளீனர்கள் வழியாக நம் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சாவியையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள். இன்ஜின் ஓடாவிட்டால், மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதியில் சேமிப்பு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள்: வளைவுகளில் இரண்டாவது, நீண்ட சரிவில் மூன்றாவது. பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். அழுத்திக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

பிரேக் ஏன் உள்ளே போகிறது என்பதற்கு வருவோம். பிரேக் ஆயிலை 1,10,000 கிலோமீட்டரிலிருந்து ஒருமுறையாவது மாற்றினீர்களா? குறையும்போது மேலே ஊற்றியதைச் சொல்லவில்லை, பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிது நிரப்பியதைக் கேட்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். இரண்டு முறை மிதித்தால் இன்னும் கொஞ்சம் ஆயில் உள்ளே தள்ளப்பட்டுப் பெடல் எழும். உங்களுக்கு 'சரியாகிவிடுவது' அப்படித்தான் இருக்கக்கூடும்.

வேறு காரணங்களும் உண்டு. அவற்றை நீங்களே வீட்டு வாசலில் பிரித்தறியலாம். இன்ஜின் ஓடட்டும், வண்டி சமதளத்தில் நிற்கட்டும், பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. போகாமல் நிற்கிறது, ஆனால் எப்போதுமே முதல் மிதி ஆழமாகவும் இரண்டாவது மிதி மேலேயும் இருக்கிறது என்றால் பின் டிரம்மில், உள்ளிருந்து அதைப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. போடியில் நன்றாக இருந்து மலையடிவாரத்தில் மட்டும் பஞ்சு மாதிரி ஆகிறது என்றால் ஆயில் கொதிக்கிறது. மெக்கானிக்கிடம் போகும்போது இந்த மூன்றில் எது என்று சொல்லிவிட்டு, எதுவானாலும் பிரேக் ஆயிலை மாற்றி நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலிருந்தும் காற்று எடுக்கச் சொல்லுங்கள். பின் டிரம்மைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் சற்றே விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அந்தச் சிலிண்டர் மாற்ற வேண்டியதுதான். இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம், ஈரக் காற்றும் மழையும் உள்ள பூப்பாறைப் பக்கம் போகிறவருக்கு இதில் சலுகை கிடையாது.

டயர் வயதையும் அன்றே பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருந்தால் மழை நாளில் வளைவில் பிடிக்காது.

இனி இன்ஜின். ஓவர்ஹால் என்று சொல்ல ஒரு மெக்கானிக்குக் காரணம் வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்தக் காரணம் எனக்குத் தெரியவில்லை. கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை, அளந்தாரா? இன்ஜெக்டர்கள் எவ்வளவு டீசலைத் திருப்பி அனுப்புகின்றன (இன்ஜெக்டர் ரிட்டர்ன்) என்று பார்த்தாரா? கூலிங் அமைப்பில் அழுத்தம் ஏற்றி எங்கே ஒழுகுகிறது என்று தேடினாரா? எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. 2,38,000 என்ற எண்ணைப் பார்த்தே சொன்னார் என்று நினைக்கிறேன். மீட்டரில் உள்ள எண்ணுக்காக யாரும் இன்ஜினை இறக்கக்கூடாது.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைவது பழைய டர்போ டீசலுக்குப் பெரிய குற்றம் அல்ல. ஆனால் இந்த இன்ஜின் மொத்தமாகக் கொள்வதே மூன்று லிட்டர் சொச்சம்தான். ஒரு லிட்டர் குறையும்வரை விட்டுவைத்தால் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் மலை ஏறுகிறீர்கள். வாரம் ஒருநாள் காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன், சமதளத்தில் ஆயில் கோலை எடுத்துப் பாருங்கள். நூறு இருநூறு மில்லியாக ஊற்றுங்கள். கைப்புத்தகத்தில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்ற பட்டறை வேதத்தைக் கேட்காதீர்கள். காரணம் அடுத்து வருகிறது.

காலையில் வரும் அந்தக் கடகடச் சத்தம்தான் உங்கள் இன்ஜினில் எனக்குக் கவலை தருவது. இது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். இதற்கு டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. அந்தச் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் மேலே ஏறுவதற்குள் தளர்ந்த சங்கிலி உறையில் தட்டுகிறது. அழுத்தம் வந்ததும் சத்தம் அடங்குகிறது. கெட்டி ஆயில் என்றால் ஏறுவதற்கு இன்னும் நேரம் ஆகும். இரண்டு விநாடிச் சத்தம் டென்ஷனரோடு முடியலாம், சங்கிலி நீண்டுபோனதாகவும் இருக்கலாம். சங்கிலி ஒரு பல் தாண்டினால் பிஸ்டன் போய் வால்வுகளை முட்டும். அன்றைக்கு உங்கள் மெக்கானிக் கேட்ட 85,000 உண்மையாகவே தேவைப்படும். சங்கிலி, டென்ஷனர், வழிகாட்டித் தகடுகள் எல்லாம் சேர்ந்த செட்டை மாற்றுவது அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான். மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது டீசலை விட்டுவிட்டாலும், இதே இன்ஜின் குடும்பம் டாடா, ஃபியட் வண்டிகளிலும் ஓடியதால் பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை. மதுரைக்குப் போன் செய்தால் மறுநாள் தேனி பஸ்ஸில் பார்சல் வந்துவிடும்.

புகை அடிக்கிறது என்று எழுதினீர்கள். என்ன நிறம், எப்போது என்று எழுதவில்லை. மலை ஏறும்போது பின்னால் ஒரு நண்பரை பைக்கில் வரச் சொல்லிக் கேளுங்கள். கறுப்பு என்றால் டீசல் கூடுகிறது அல்லது காற்று குறைகிறது: ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கிழிசல், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வில் அடைப்பு, அதன்பிறகு இன்ஜெக்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். முதல் மூன்றும் பெரிய செலவு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். பாரம் இழுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங், அல்லது டர்போ சீல்.

ரிங் போய்விட்டதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து அங்கேயே தளர்வாக வையுங்கள். மூடி இலேசாக ஆடினால் பரவாயில்லை. எகிறி விழுந்து, துளையிலிருந்து புகை குப்குப்பென்று வந்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அப்போதும் உடனே இன்ஜினை இறக்க ஒப்புக்கொள்ளாமல் நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். டீசலில் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கருவியைப் பொருத்தி அளப்பார்கள். இத்தனை ஓடிய இன்ஜினில் ஹீட்டர் பிளக் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினைச் சூடாக்கி, துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, பொறுமையாகத் திருப்புபவரிடமே கொடுங்கள். உடைந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். அளந்து வரும் எண் பெரியதா சிறியதா என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். மூன்று ஒத்திருந்து ஒன்று மட்டும் கீழே கிடந்தால் கோளாறு அந்த ஒரு சிலிண்டரில்தான். நான்கும் சமமாகவும் போதிய அளவிலும் இருந்தால் ஓவர்ஹால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சூடேறுவதும் தண்ணீர் குறைவதும் அநேகமாக ஒரே வியாதி. எனக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டர் அழுத்த மூடி மேல். இன்ஜின் முழுக்க ஆறியபின் கழற்றி, அடியிலுள்ள ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்தோ, கல் போல இறுகியோ, ஓரத்தில் பழுப்பாகப் பொருக்குத் தட்டியோ இருந்தால் அது அழுத்தத்தைத் தாங்காது. நல்ல மூடி சுமார் 0.9 பார் அழுத்தம் பிடித்துவைக்கும். அதனால் உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால்கூடத் தரைமட்டத்தில் 118 டிகிரி வரை கொதிக்காது. பழுதான மூடியோடு மலைமேல் போனால் 95 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கி, வழிந்து வெளியேறும். வாரம் அரை லிட்டர் அப்படிக் காணாமல் போக முடியும். மூடி சில நூறு ரூபாய்க்குள் வரும் சாமான்.

மூடி நன்றாக இருந்தால் ஒழுகலைத் தேடுங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ உப்புப் பூத்த மாதிரி தடம் இருக்கும்: வாட்டர் பம்புக்கு அடியில், ஹோஸ் கிளிப் ஓரத்தில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில். முன் சீட்டுக்குக் கீழே கார்பெட் ஈரமாக இருந்தால், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. நீங்கள் 'தண்ணீர்' என்று எழுதியதைப் பார்த்தால் குழாய்த் தண்ணீரையோ வழியில் கிடைக்கும் ஊற்றுத் தண்ணீரையோ ஊற்றிவருகிறீர்கள் என்று தோன்றுகிறது. அது ரேடியேட்டருக்குள் துருவும் உப்பும் படியவைக்கும். ஏசி போட்டால் சூடேறுவதற்கு இன்னொரு காரணம் வெளிப்பக்க அடைப்பு. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் பத்து வருடத் தூசியும் பூச்சிச் சிறகும் மெத்தையாகக் கிடக்கும். முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அது போகாது. இரண்டையும் பிரித்துத்தான் கழுவ வேண்டும். தெர்மோஸ்டாட், விசிறி, வாட்டர் பம்ப் மூன்றையும் அதோடு பார்த்துவிட்டு, சரியான கூலண்ட் நிரப்பச் சொல்லுங்கள்.

வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே போனால் மட்டும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ரேடியேட்டர் ஹோஸ் விறைத்துக்கொண்டால், அல்லது கூலண்ட் தொட்டியில் குமிழ் விடாமல் வந்தால், சிலிண்டர் வாயு உள்ளே கசிகிறது. அதுவும்கூட ஹெட்டைக் கழற்றி, லேத்தில் சமன்செய்து, கேஸ்கெட் போடும் வேலை. முழு ஓவர்ஹால் அல்ல. ஆனால் அது தெரியாமல் கொதிக்கக் கொதிக்க மலை ஏறிக்கொண்டே இருந்தால் ஹெட் வளைந்துபோகும். செலவு அங்கேதான் வீங்கும்.

மைத்துனரின் பயத்துக்கு: பத்து வருட டீசல் தடை என்பது 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவாலும் 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவாலும் டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கு வந்தது. தேனிக்கும் இடுக்கிக்கும் அது பொருந்தாது. உங்கள் பதிவு 15 வருடம், அதாவது 2028 வரை செல்லும். அதன்பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரியும் சேரும். வருத்தம்தான், ஆனால் வண்டியை விற்க அது ஒரு காரணம் ஆகாது.

பணக் கணக்கில் பலரும் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 2 லட்ச ரூபாய் வண்டிக்கு 50,000 செலவா என்று கேட்பார்கள். அந்த ஒப்பீடே தவறு. வண்டியை விற்ற மறுநாள் எதில் பூப்பாறை போவீர்கள் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த 2 லட்சத்துக்கு இன்னொருவருடைய பழைய வண்டி வரும். அதன் பிரேக் ஆயில் எந்த வருடத்தது, மீட்டர் உண்மையா, சங்கிலி எப்படி இருக்கிறது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியின் 1,28,000 கிலோமீட்டர் உங்களுக்கு மனப்பாடம். புதிது வாங்குவது என்றால் 8 லட்சக் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 16,600 ரூபாய். பிரேக், கூலிங், சங்கிலி மூன்றையும் முடிக்க ஆகும் செலவு ஏறத்தாழ மூன்று மாதத் தவணைக்குள் அடங்கும் என்பது என் மதிப்பீடு. கிளட்ச்சைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சறுக்காதவரை அதைத் தொடவேண்டாம். புஷ், லோயர் ஆர்ம் போன்றவை சத்தம் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விற்கலாம் என்று நானே சொல்லும் நிலைமைகளும் உண்டு. கம்ப்ரஷன் நிஜமாகவே போய், கூடவே ஹெட்டும் போயிருந்தால். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்போது கதவுக்கு அடியிலுள்ள பட்டையும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களும் துருவேறிப் பொத்துப்போயிருந்தால். நீங்கள் வாங்குவதற்கு முன் பெரிய விபத்தில் அடிபட்டு இழுத்து நிமிர்த்திய வண்டி என்று தெரியவந்தால். அப்போது நெடுங்கண்டத்துக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் பிரேக்கை மட்டும் செய்துவிட்டுக் கொடுங்கள், அவரும் மலையில்தான் ஓட்டப் போகிறார்.

அதற்கு முன் செய்ய வேண்டியது: பிரேக் வேலை முடிந்ததும் ஒரே நாளில் கூலிங் அழுத்தச் சோதனையும் கம்ப்ரஷனும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரின் எண்ணையும் மெக்கானிக் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். வாயால் சொல்லும் "கொஞ்சம் கம்மியாக இருக்கிறது" செல்லாது. புகையின் நிறத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினால், ஓவர்ஹால் வேண்டுமா என்ற கேள்விக்கு அப்போது ஒரே வரியில் பதில் சொல்கிறேன்.